என்விரான்மென்டல் சயின்ஸ் படிப்புல அப்படி என்னதான் சொல்லிக் குடுக்குறாங்க?

என்விரான்மென்டல் சயின்ஸ் எடுத்துருக்கேன்னு யார்கிட்ட சொன்னாலும் "ஓ, மரம் நடுவீங்களா"ன்னு கேப்பாங்க, இல்லன்னா கையில இருக்குற பிளாஸ்டிக் பாட்டில மெதுவா பின்னாடி மறைச்சுக்குவாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, வெளிய தெரியுற முகம் அப்படித்தான் இருக்கு. ஆனா இயற்கைன்னா ரொம்பப் பிடிக்கும்னு மட்டும் நம்பி சேந்துட்டு, முதல் செமஸ்டர்லயே கெமிஸ்ட்ரி, கணக்கு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு வரிசையா வந்து நிக்கும்போது முழிக்கிறவங்க எல்லா பேட்ச்லயும் இருக்காங்க. அதனால சிலபஸ் முழுக்க வாசிச்சுக் காட்டுறத விட, இந்தப் படிப்பு மறுபடி மறுபடி கேக்குற ஒரே ஒரு கேள்விய மட்டும் எடுத்து விளக்குறேன், அது பிடிபட்டுச்சுன்னா மிச்ச பேப்பர் எல்லாம் ஏன் அங்க இருக்குன்னு தானா புரிஞ்சுடும்.

கேள்வி இதுதான்: ஒரு பொருள் எங்கருந்து வருது, எங்க போகுது, எவ்வளவு, நடுவுல எத்தன நாள் தங்குது? அந்தப் பொருள் சாக்கடைத் தண்ணியா இருக்கலாம், பாதரசமா இருக்கலாம், கார்பன் டை ஆக்சைடா இருக்கலாம், கேள்வி மாறாது. இதுக்கு மாஸ் பேலன்ஸ்னு பேரு. நாம பாக்க வேண்டிய இடத்த சுத்தி மனசுக்குள்ள ஒரு பெட்டி போட்டுக்கணும், ஒரு ஏரியோ, ஆத்துல ஒரு துண்டோ, மொத்த காத்து மண்டலமோ எது வேணா இருக்கலாம். உள்ள வர்றது, வெளிய போறது, உள்ளேயே வேற ஒண்ணா மாறிடுறது, மிச்சம் தங்குறது, இந்த நாலும் கணக்குல ஒத்துப் போகணும். பேங்க் பாஸ்புக் மாதிரிதான், வரவு செலவு இருப்பு மூணும் உதைக்கக் கூடாது. உதைச்சா எங்கயோ ஒரு வழிய நாம பாக்காம விட்டுருக்கோம்னு அர்த்தம், அந்த விட்டுப்போன வழியத் தேடிப் போறதுதான் இந்தத் துறையில பாதி ஆராய்ச்சி.

ஒரு கணக்கு போட்டே பாப்போம். ஒரு ஆத்துல செகண்டுக்கு 10 கன மீட்டர் தண்ணி ஓடுது, ஓரளவு சுத்தமான ஆறு, பிஓடி லிட்டருக்கு 2 மில்லிகிராம் (பிஓடின்னா என்னன்னு அடுத்து சொல்றேன், இப்போதைக்கு அழுக்கோட அளவுன்னு வெச்சுக்கோங்க). அதுல ஒரு குழாய் வந்து சுத்திகரிக்காத கழிவுநீர கொட்டுது, செகண்டுக்கு 1 கன மீட்டர், பிஓடி 200. ரெண்டும் நல்லா கலந்த பிறகு எவ்வளவு இருக்கும்? 10 பெருக்கல் 2 கூட்டல் 1 பெருக்கல் 200, மொத்தம் 220, அத 11ஆல வகுத்தா 20. ஓகே, 2 இருந்தது 20 ஆயிடுச்சு. இப்ப கோடை வந்துருச்சு, ஆத்துல செகண்டுக்கு 1 கன மீட்டர்தான் ஓடுதுன்னு வெச்சுக்கோங்க, குழாய் அதே குழாய், அதே கழிவு. இப்ப கணக்கு 202 வகுத்தல் 2, அதாவது 101. குழாய்க்காரங்க ஒரு சொட்டு கூட அதிகமா விடல, ஆனாலும் ஆறு அஞ்சு மடங்கு மோசமாயிடுச்சு. கழிவுல எவ்வளவு அழுக்கு இருக்கலாம்னு மட்டும் ஒரு லிமிட் வெச்சா பத்தாது, அது போய்ச் சேர்ற ஆத்துல தண்ணி எவ்வளவு ஓடுதுன்னும் பாக்கணும், அதுவும் தண்ணி ரொம்பக் கொறஞ்ச நாள்ல பாக்கணும்னு இந்த ரெண்டு வரி கணக்கே சொல்லிடுது. பாருங்க, இதுல அஞ்சாம் கிளாஸ் கணக்குக்கு மேல எதுவுமே இல்ல.

சரி, பிஓடி, அதாவது பயோகெமிக்கல் ஆக்சிஜன் டிமாண்ட். அழுகக்கூடிய கழிவு தண்ணில விழுந்தா பாக்டீரியா அத தின்னும், தின்னும்போது தண்ணில கரைஞ்சிருக்குற ஆக்சிஜன செலவு பண்ணும். எவ்வளவு ஆக்சிஜன் செலவாகுதுங்குறத வெச்சு கழிவு எவ்வளவுன்னு மறைமுகமா அளக்குறதுதான் பிஓடி. லேப்ல இத செய்யுறது கேக்குறதுக்கு சப்பையா இருக்கும், செஞ்சு பாத்தாதான் தெரியும். 300 மில்லி கண்ணாடி பாட்டில்ல தண்ணிய விளிம்பு வரைக்கும் ரொப்பணும், ஒரு காத்துக் குமிழி கூட உள்ள மாட்டக் கூடாது, ஏன்னா அந்தக் குமிழில இருக்குற ஆக்சிஜன் கரைஞ்சு ரிசல்ட்ட கெடுத்துடும். மூடிய போட்டு 20 டிகிரில இன்குபேட்டர்ல அஞ்சு நாள் இருட்டுல வெக்கணும். இருட்டு எதுக்குன்னா, வெளிச்சம் பட்டா உள்ள இருக்குற பாசி ஆக்சிஜன் தயாரிக்க ஆரம்பிச்சுடும், செலவ அளக்கப் போன இடத்துல வரவும் சேந்துக்கும். இன்னொரு சிக்கல், 20 டிகிரில தண்ணில கரையுற ஆக்சிஜனே லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம்தான், பிஓடி 200 இருக்குற கழிவ அப்படியே அடைச்சு வெச்சா சீக்கிரமே ஆக்சிஜன் தீந்துடும், அப்புறம் அளக்க ஒண்ணும் இருக்காது, அதனால பல மடங்கு தண்ணி சேத்து நீர்க்க வெச்சுதான் டெஸ்ட் பண்ணணும். அஞ்சு நாள்ங்குற கணக்கு பிரிட்டன்லேருந்து வந்தது, அங்க ஆறுங்க எல்லாம் குட்டை, அஞ்சு நாளுக்குள்ள கடல் சேந்துடும்னு அதுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க. அது எப்படியோ, இன்னைக்கு உலகம் பூரா அதுதான் வழக்கம், ஆனா வீட்டுக் கழிவுநீர்ல அஞ்சு நாள்ல மொத்தத்துல சுமார் மூணுல ரெண்டு பங்குதான் சிதையும், மிச்சம் அதுக்கப்புறமும் நடந்துட்டேதான் இருக்கும்.

கரைஞ்ச ஆக்சிஜன அளக்க இப்ப மீட்டர் எல்லாம் வந்துடுச்சு, கம்பிய தண்ணில விட்டா நம்பர் வந்துடும். ஆனா நிறைய லேப்ல இன்னும் விங்க்ளர் முறையதான் முதல்ல கத்துக் குடுக்குறாங்க, 1888ல வந்த முறை, எனக்கு அதுதான் பிடிக்கும். பாட்டில்ல மேங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டு குலுக்குனா, ஆக்சிஜன் இருந்தா பழுப்பா ஒரு படிவு மேகம் மாதிரி கிளம்பி மெதுவா அடில உக்காரும், ஆக்சிஜன் சுத்தமா இல்லன்னா வெள்ளையாவே நிக்கும். அப்புறம் ஆசிட் விட்டா படிவு கரைஞ்சு அயோடின் வெளிய வந்து மஞ்சளாகும், தயோசல்பேட்ட சொட்டு சொட்டா விட்டு மஞ்சள் வெளிறும்போது ஸ்டார்ச் சேத்தா சட்டுன்னு நீலம், இன்னும் சில சொட்டு விட்டா நீலம் மொத்தமா காணாம போகும், அந்த இடத்துல எவ்வளவு தயோசல்பேட் செலவாச்சுன்னு ப்யூரெட்ல (அளவு போட்ட கண்ணாடிக் குழாய்) ரீடிங் எடுத்துக்கணும், அதுலேருந்து ஆக்சிஜன் எவ்வளவுன்னு கணக்கு வந்துடும். சாக்கடை வாய்கிட்ட எடுத்த சாம்பிள்ல அந்த வெள்ளைப் படிவ ஒரு தடவ பாத்துட்டா, ஆக்சிஜன் ஜீரோன்னா என்னன்னு எந்த டெக்ஸ்ட்புக்கும் சொல்லாத அளவுக்கு மண்டைல ஏறிடும்.

இப்ப மறுபடி ஆத்துக்கு வருவோம், ஏன்னா இங்கதான் ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கு. ஆத்துல மீனு எந்த இடத்துல அதிகமா சாகும்? குழாய் வாய்லதான்னு தோணும், ஆனா பெரும்பாலும் அங்க இல்ல. கழிவு விழுந்த உடனே ஆக்சிஜன் குறையாது, பாக்டீரியா பெருகி தின்ன ஆரம்பிக்க நேரம் எடுக்கும், அதுக்குள்ள தண்ணி ஓடிட்டே இருக்கும். அதே சமயம் மேல இருக்குற காத்துலேருந்து ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமா திரும்பக் கரைஞ்சுட்டே இருக்கும். ஒரு பக்கம் செலவு, ஒரு பக்கம் வரவு, ரெண்டுக்கும் நடக்குற போட்டில ஆக்சிஜன் முதல்ல இறங்கும், ஒரு இடத்துல அடிமட்டத்த தொடும், அப்புறம் மெதுவா ஏறும். கிராஃப் போட்டா நடுவுல தொய்ஞ்ச கயிறு மாதிரி வரும். அந்த அடிமட்டம் சில சமயம் குழாய்லேருந்து பல கிலோமீட்டர் தள்ளிக் கூட இருக்கும். ஒஹையோ ஆத்த வெச்சு ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ்னு ரெண்டு பேர் 1925ல இதுக்கு ஒரு சமன்பாடு குடுத்தாங்க, நூறு வருஷம் ஆகியும் இன்னும் கிளாஸ்ல அதுதான் ஆரம்பப் பாடம். ஆக கழிவ விடுறது ஒரு ஊரு, மீனு செத்து மிதக்குறது இன்னொரு ஊரு, கீழ இருக்குறவங்க மேல இருக்குறவங்கள காட்டிப் பேசும்போது "எங்க இடத்துல தண்ணி நல்லாதானே இருக்கு"ன்னு மேல இருக்குறவங்க சொல்றது பொய்யாவும் இருக்காது. இதுல வெயிலும் சேந்தா இன்னும் மோசம், 30 டிகிரி தண்ணில கரையக்கூடிய ஆக்சிஜனே சுமார் 7.5 மில்லிகிராம்தான், பாக்டீரியாவோட பசியும் சூட்டுல ஏறிடும்.

ஆறு ஓடிடும், ஏரி ஓடாது. இங்க தங்குற நேரம்னு ஒரு ஐடியா வரும், இருப்ப எடுத்து வெளிய போற வேகத்தால வகுத்தா எவ்வளவு நாள் தங்கும்னு வரும். 10 கோடி கன மீட்டர் தண்ணி இருக்குற ஏரிலேருந்து வருஷத்துக்கு 1 கோடி கன மீட்டர் வெளிய போனா தங்குற நேரம் 10 வருஷம். ஆனா ஏரில விழுற எல்லாப் பொருளும் தண்ணி கூடவே கிளம்பிடாது. பாசிக்கு உரமாகுற பாஸ்பரஸ் அடில வண்டல்ல போய் உக்காந்துக்கும், அடில ஆக்சிஜன் இல்லாம போனா மறுபடி கரைஞ்சு மேல வரும், அதனால கழிவ மொத்தமா நிறுத்துன பிறகும் ஏரி பல வருஷம் பச்சையாவே கிடக்குறது உண்டு. பாஸ்பரஸ்தான் இதுக்குக் காரணம்னு எப்படி உறுதி பண்ணாங்கங்குறது அழகான கதை. 1970கள் சமயத்துல சோப்புத் தூள்ல இருக்குற பாஸ்பேட்டால ஏரி கெடுதா இல்ல கார்பனாலயா நைட்ரஜனாலயான்னு பெரிய சண்டை. கனடால டேவிட் ஷிண்ட்லர்ங்குற விஞ்ஞானியோட டீம் 226ன்னு நம்பர் போட்ட ஒரு சின்ன ஏரிய எடுத்துக்கிட்டாங்க, நடுவுல இடுப்பு மாதிரி குறுகிப் போற ஏரி, அந்த இடத்துல குறுக்க ஒரு பிளாஸ்டிக் திரைய கட்டி ரெண்டா பிரிச்சாங்க. 1973ல ரெண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டாங்க, ஒரு பக்கத்துல மட்டும் கூட பாஸ்பரஸும் போட்டாங்க. பாஸ்பரஸ் போட்ட பக்கம் பாசி பூத்து பச்சையாயிடுச்சு, இன்னொரு பக்கம் கருநீலமாவே இருந்துச்சு. மேலேருந்து எடுத்த அந்த ஒரு போட்டோ பண்ண வேலைய ஆயிரம் பக்க ரிப்போர்ட் பண்ணிருக்காது. ஒரே ஒரு விஷயத்த மட்டும் மாத்தி மிச்சத்த எல்லாம் அப்படியே வெச்சு ஒப்பிடுறது லேப்ல ஈஸி, வெளில ரொம்பக் கஷ்டம், ஒரு முழு ஏரிய வெச்சு அத செஞ்சாங்க பாருங்க, அதுதான் பெரிய விஷயம்.

அதே கேள்வியோட இப்ப காத்துக்குப் போலாம். நீராவி காத்துல சராசரியா பத்து நாள் கிட்டதான் இருக்கும், மழையா கொட்டிடும். மீத்தேன் பத்து வருஷ கணக்கு. சிஎஃப்சி-12ன்னு ஃப்ரிட்ஜுல போட்டுட்டு இருந்த வாயு சுமார் 100 வருஷம். சிஎஃப்சிய கண்டுபிடிச்சப்ப கொண்டாடுனதே அது எதோடயும் வினை புரியாது, எரியாது, விஷம் இல்லன்னுதான், அந்த நல்ல குணம்தான் கடைசில வெனையா முடிஞ்சுது. எதோடயும் சேராததுனால கீழ எங்கயும் அழியாம மேல மேல போய் ஓசோன் இருக்குற உயரத்துக்கே போயிடுது, அங்க புற ஊதாக் கதிர் பட்டுதான் உடையுது, உடைஞ்சு வர்ற குளோரின் ஓசோன தின்னுது. மொலினா, ரோலண்ட்னு ரெண்டு வேதியியல் விஞ்ஞானிங்க 1974ல இத சொன்னாங்க, அவங்க கேட்டதும் அதே கேள்விதான், இவ்வளவு வாயு விட்டுருக்கோமே அது எல்லாம் எங்க போகுது? 1985ல அண்டார்டிகா மேல ஓசோன் ஓட்டை வெளிய தெரிஞ்சுது, 1987ல மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்துச்சு, 1995ல ரெண்டு பேருக்கும் ஓசோன ஆராய்ஞ்ச க்ரூட்ஸன்ங்குற இன்னொரு விஞ்ஞானியோட சேத்து நோபல் பரிசும் வந்துச்சு. உலகமே சேந்து நிறுத்துன பிறகும் அண்டார்டிகா மேல ஓசோன் 1980 நிலைமைக்குத் திரும்ப 2066 வாக்குல ஆகும்னு கணிச்சிருக்காங்க. ஏன் இவ்வளவு லேட்டுன்னு யாராவது கேட்டா தங்குற நேரத்த சொன்னா போதும்.

கார்பன் டை ஆக்சைடு இன்னும் சிக்கல், அது அழியுறதே கிடையாது, காத்து, கடல், செடி, மண்ணுன்னு இடம் மாறிட்டே இருக்கும். கீலிங்னு ஒரு விஞ்ஞானி 1958ல ஹவாய்ல மௌனா லோவா மலை மேல அளக்க ஆரம்பிச்சப்ப பத்து லட்சத்துல சுமார் 315 பங்கு, இப்ப 420அ தாண்டிடுச்சு. அந்த கிராஃப கிட்ட வெச்சுப் பாத்தா நேர் கோடா இருக்காது, ரம்பப் பல்லு மாதிரி வருஷா வருஷம் ஏறி இறங்கும், மே மாசம் உச்சம், செப்டம்பர் வாக்குல பள்ளம், ஏன்னா வட பாதி பூமில கோடைல செடி எல்லாம் துளிர்த்து காத்துலேருந்து கார்பன இழுக்குது, குளிர்ல திருப்பி விடுது. மனுஷன் விடுறதுல பாதிக்குக் கொஞ்சம் குறைவாதான் காத்துல தங்குது, மிச்சத்த கடலும் நிலமும் வாங்கிக்குது. இந்த வரவு செலவு ஒத்துப் போகாம மண்டைய பிச்சுக்கிட்ட காலம் ஒண்ணு இருந்துச்சு, காணாம போன கார்பன் எங்கன்னு பல வருஷம் தேடுனாங்க, அதுல பெரிய பங்க காடும் மண்ணும்தான் உள்ள வாங்கிட்டு இருந்துருக்கு.

இவ்வளவு நேரம் கலந்தா நீர்த்துப் போயிடும்ங்குற மாதிரியே பேசிட்டேன், எல்லாப் பொருளும் அப்படி இல்ல. ஜப்பான்ல மினமாட்டா குடால ஒரு கெமிக்கல் ஃபேக்டரி பாதரசம் கலந்த கழிவ விட்டுச்சு, கடல் எவ்வளவு பெருசு, கரைஞ்சுடாதா? மெத்தில் பாதரசம் உடம்புக்குள்ள போனா சீக்கிரம் வெளிய வராது, சின்ன உயிர தின்ன மீனு, அந்த மீன தின்ன பெரிய மீனுன்னு ஒவ்வொரு படியிலயும் சேந்துட்டே போச்சு, கடைசில அந்த மீன சாப்பிட்ட பூனைங்களும் மனுஷங்களும் நரம்பு கெட்டு விழுந்தாங்க. 1956ல அந்த நோய் அதிகாரபூர்வமா பதிவாச்சு. தண்ணில அளந்தா கொஞ்சம்தான், மீனுக்குள்ள அளந்தா பயங்கரம். பெட்டிய எங்க போடுறோம்ங்குறதே முடிவ மாத்திடும், கடல மட்டும் பெட்டியா எடுத்தவங்களுக்கு பிரச்சனை தெரிஞ்சிருக்காது.

அளக்குறது பத்தி சொல்லணும், ஏன்னா நிறைய பேர் வெறுக்குற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் இங்கதான் வேலைக்கு ஆகுது. பாசி நிறைய இருக்குற ஒரு குளத்துல மத்தியானம் மூணு மணிக்கு ஆக்சிஜன் அளந்தீங்கன்னா 12 கூட வரும், அடடா என்ன ஆரோக்கியமான குளம்னு எழுதிட்டு வந்துடுவீங்க. ராத்திரி பூரா ஒளிச்சேர்க்கை கிடையாது, எல்லா உயிரும் மூச்சு மட்டும் விட்டுட்டு இருக்கும், அதே குளத்துல விடியறதுக்கு முன்னாடி அளந்தா 3க்குக் கீழ இருக்கலாம், மீனு மேல வந்து வாயத் தொறந்து தவிக்கிறது அந்த நேரத்துலதான். எந்த நம்பர் உண்மை? ரெண்டுமே. எத்தன மணிக்கு, எந்த ஆழத்துல, எத்தன தடவ, எந்த இடத்தோட ஒப்பிட்டு எடுத்ததுன்னு சொல்லாம யாராவது "தண்ணிய டெஸ்ட் பண்ணோம், நல்லாதான் இருக்கு"ன்னு சொன்னா அத அப்படியே நம்பாம இருக்குறதுதான் இந்தப் படிப்பு குடுக்குற முதல் கெட்ட பழக்கம். குழாய்க்கு மேல ஒரு சாம்பிள் எடுக்காம கீழ மட்டும் எடுத்துட்டு வந்த ரிப்போர்ட் எல்லாம் சும்மா பேப்பர்தான், ஏற்கனவே மேலேருந்தே அழுக்கா வந்துச்சா இல்ல குழாயால ஆச்சான்னு அதுல தெரியவே தெரியாது.

பக்கத்து சப்ஜெக்ட்டுங்களோட குழப்பிக்கிறதும் உண்டு, சுருக்கமா சொல்லிடுறேன். எகாலஜில உயிரினங்களும் அதுங்களுக்கு நடுவுல இருக்குற உறவும்தான் மையம். என்விரான்மென்டல் இன்ஜினியரிங் அந்தக் கழிவ சுத்திகரிக்கிற பிளான்ட்ட டிசைன் பண்ணும். என்விரான்மென்டல் ஸ்டடீஸ்னு போட்டுருந்தா சட்டம், அரசியல், பொருளாதாரம், சமூகம் பக்கம் சாஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். என்விரான்மென்டல் சயின்ஸ் இதுக்கெல்லாம் நடுவுல நிக்கும், மண்ணு, தண்ணி, காத்து, உயிரு நாலுலயும் கொஞ்சம் கொஞ்சம், எதுலயும் கரை காணாதவங்கன்னு மத்த டிபார்ட்மென்ட்காரங்க கிண்டல் பண்ணுவாங்க, அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு. அதனாலதான் ரெண்டாவது வருஷம் முடியுறதுக்குள்ள ஏதாவது ஒண்ணுல ஆழமா இறங்கிடுறது நல்லதுன்னு நான் சொல்லுவேன், நிலத்தடி நீரோ, காத்து மாசோ, கம்ப்யூட்டர்ல மேப்போட டேட்டாவ சேத்துப் பாக்குற ஜிஐஎஸ்ஸோ. முடிச்சுட்டு வேலைக்குப் போற இடங்கள்ல, அதாவது மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ், டெஸ்டிங் லேப், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ரிப்போர்ட் எழுதுற கன்சல்டன்சி, கம்பெனிங்களோட கழிவு பாத்துக்குற பிரிவு, இங்க எல்லாம் கேக்குறது ஜிஐஎஸ் மேப் போடத் தெரியுமா, டேட்டாவ ஆர் (R), பைத்தான் மாதிரி புரோகிராமிங் மொழில ஓட்டத் தெரியுமா, சாம்பிள கெடாம லேப் வரைக்கும் கொண்டு வரத் தெரியுமாங்குறதுதான்.

கணக்கு வராதுன்னு பயந்து விட்டுடாதீங்க, இளங்கலைல தேவைப்படுறது பெரும்பாலும் மேல பாத்த மாதிரி கூட்டல் பெருக்கல், மடக்கை, கொஞ்சம் கால்குலஸ், அவ்வளவுதான், கெமிஸ்ட்ரி சுத்தமா ஆகாதுன்னா மட்டும் ரெண்டு தடவ யோசிங்க. எந்த யூனிவர்சிட்டின்னு முடிவு பண்ணும்போது பேரையும் பிரோஷரயும் பாக்குறதுக்கு முன்னாடி பாடத்திட்டத்த இறக்கி ஃபீல்டு வொர்க் எத்தன நாள் போட்டுருக்காங்க, லேப் தனி பேப்பரா இருக்கா, கடைசி வருஷம் சொந்தமா ஒரு புராஜெக்ட் உண்டான்னு பாருங்க, முடிஞ்சா இப்ப அங்க மூணாவது வருஷம் படிக்கிற யாரையாவது பிடிச்சு பிஓடி டெஸ்ட்ட உங்க கையால பண்ணீங்களா, இல்ல சார் பண்ணத சுத்தி நின்னு பாத்தீங்களான்னு கேளுங்க.